வேலூரில் காத்திருக்கும் நாட்களில் ஊர் பார்க்க: துணைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்பாவுக்கு நடந்த சிகிச்சைக்காக நானும் தங்கையும் வேலூரில் 19 நாட்கள் தங்கினோம். அதில் மருத்துவமனைக்குள் கழிந்த நேரம் பாதிகூட இருக்காது. ரத்தம் எடுத்தால் முடிவு வர ஒரு நாள், ஸ்கேனுக்கு இரண்டு நாள் கழித்து முறை, மருத்துவரைப் பார்க்க அடுத்த செவ்வாய் என்று இடைவெளிகள் விழுந்துகொண்டே இருந்தன. முதல் வாரம் முழுக்க லாட்ஜ் அறையிலேயே அடைந்து கிடந்தோம். இரண்டாவது வாரம் அப்பாவே, "சித்தப்பா வந்திருக்கிறான், அவன் என்னைப் பார்த்துக்கொள்வான். நீங்கள் இருவரும் எங்காவது போய்வாருங்கள்" என்று விரட்டினார். ஒரு கார் பிடித்து, ஸ்ரீபுரம் பொற்கோயில், சோளிங்கர் மலைக்கோயில், ஏலகிரி மலை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சோளிங்கரில் மலையேற நேரம் போதவில்லை. ஏலகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 5,200 ரூபாய் செலவானது, ஒன்றையும் உருப்படியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "தம்பி, எதைப் பார்க்கலாம் என்று யோசிக்காதீர்கள். இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று யோசியுங்கள்" என்றார். மீதி நாட்களை அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது. சோளிங்கர் கிழக்கே இருக்கிறது, ஏலகிரி மேற்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேலூரை நாங்கள் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம்.

எங்களைப் போல் துணைக்கு வந்து, கையில் அரை நாளும் ஒரு நாளுமாக நேரம் வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சுற்றுலாவுக்கென்றே வருபவர்களுக்கும் பயன்படும்.

1. முதலில் சீட்டைப் பாருங்கள்

மருத்துவமனை தந்த சீட்டில் தேதியும் நேரமும் மட்டுமல்ல, எந்த வளாகம் என்பதும் இருக்கும். சி.எம்.சி.யின் பழைய வளாகம் நகருக்குள், கோட்டைக்கு அருகில் இருக்கிறது. ராணிப்பேட்டை வளாகமோ நகருக்கு வெளியே, சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. பாகாயத்தில் இன்னொரு வளாகம் உண்டு. எங்கள் பக்கத்து அறைக்காரர்கள் இதைக் கவனிக்காமல் நகருக்குள் முன்பணம் கொடுத்து அறை எடுத்துவிட்டு, தினமும் ராணிப்பேட்டை வளாகத்துக்கு அலைந்தார்கள். அறை எடுப்பதற்கு முன்பே இதைச் சரிபாருங்கள்.

அடுத்த நான்கைந்து நாட்களின் முறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மிஞ்சும் காலைகளும் மாலைகளும் அப்போது கண்ணுக்குத் தெரியும். முறை இருக்கும் நாளில் வெளியூர் வேண்டாம், நகருக்குள் உள்ளதைப் பாருங்கள். முறை இல்லாத நாளுக்கே மலையும் நெடுந்தூரமும்.

நோயாளியைத் தனியே விட்டுவிட்டு யாரும் கிளம்பக் கூடாது. நாங்கள் மூவர் இருந்தபோது ஒருவர் அப்பாவுடன் இருப்பார், இருவர் வெளியே போவோம். துணையாளர் அட்டை கொடுத்திருந்தால் அதை அறையில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஒருமுறை நான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே விரிஞ்சிபுரம் போய்விட்டேன். சித்தப்பா உள்ளே போக முடியாமல் வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றார்.

2. அறையும் ஆவணங்களும்

அறையில் தங்கும் ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை தேவை. ஆதார் போதும். குடும்பத்தில் ஒருவருடையது இருந்தால் சமாளிக்கலாம் என்று வராதீர்கள். நான்கைந்து நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நகல் கடைகளில் காலை வேளையில் கூட்டம் அதிகம். மருத்துவமனைச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் லாட்ஜுகள் நெருக்கமாக இருக்கின்றன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் பலர் என்பதால், கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். சமையல் செய்துகொள்ளும் வசதியுள்ள அறைகளும் கிடைக்கும். பத்து நாட்களுக்கு மேல் தங்குவதென்றால் அதையே எடுங்கள், உணவுச் செலவு கணிசமாகக் குறையும். அப்பாவுக்கு உப்பு குறைத்துச் சமைக்கவும் எங்களுக்கு அது உதவியது. நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போகும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேளுங்கள். காம்பிலும் அதைச் சுற்றிய தோகையிலும் முள் இருக்கும், காம்பைப் பிடித்துத் தூக்கினால் விரலில் குத்தும். எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய்போல் குழையும். அணைக்கட்டு வட்டாரத்தில் விளைவது, புவிசார் குறியீடு பெற்றது.

அறை எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். வாடகை கணக்கிடுவது 24 மணி நேரக் கணக்கா, தினமும் காலை ஒரு குறிப்பிட்ட நேரத்தோடு முடியும் கணக்கா? முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? இடையில் காலி செய்தால் என்ன பிடிப்பார்கள்? நாங்கள் முதலில் தங்கிய இடத்தில் இதைக் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். எழுதி வாங்கியிருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள்.

3. எதில் போவது

ரயிலில் வருபவர்கள் இறங்க வேண்டியது காட்பாடி சந்திப்பு. வேலூர் கண்டோன்மென்ட் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, அது காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் பாதையில் உள்ளது. சென்னை, பெங்களூரு வண்டிகள் பெரும்பாலும் அங்கே வராது. பெயரைப் பார்த்து மயங்கி டிக்கெட் எடுக்காதீர்கள்.

காட்பாடியிலிருந்து பாகாயம் வரை ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்கள் மருத்துவமனை, பழைய பஸ் நிலையம் வழியாகவே போகும். நிலைய வாசலில் ஆட்டோ கேட்கும் தொகையைக் கேட்டுத் திகைக்கத் தேவையில்லை. சாமான் அதிகமில்லை என்றால் சாலைக்கு வந்து பஸ் ஏறுங்கள். மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்று எழுதிய சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர் பஸ்களுக்கு இது பொருந்தாது. பாலாற்றுப் பாலத்தில் காலையும் மாலையும் நெரிசல் இருக்கும். ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பஸ் நிலையம் இரண்டு. கோட்டைக்கு அருகே பழையது, கிரீன் சர்க்கிள் பக்கம் புதியது. நீண்ட தூர பஸ்கள் புதியதிலிருந்து புறப்படும். ஊர்ப்பெயரைச் சொல்லி, "எந்த ஸ்டாண்டிலிருந்து?" என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

காரை மூன்று பேருக்கு மேல் இருந்தால், அல்லது முதியவர் உடன் வந்தால் மட்டும் பிடியுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பேசினால் போதாது. ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், மலையேறக் கூடுதல் தொகை நான்கும் சேர்ந்ததா என்று கேளுங்கள். எங்களுக்கு 3,800 என்று பேசியது 5,200 ஆனது இந்த நான்கால்தான்.

4. முதல் அரை நாள்: கோட்டை

வந்த மறுநாளே பார்க்கக்கூடிய இடம் இது. மருத்துவமனையிலிருந்து நடந்தே போகலாம், உள்ளே போகக் கட்டணமில்லை, அழைப்பு வந்தால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். காலை 7 மணிக்குப் போங்கள். அகழியில் தண்ணீர் நிற்கும்போது மதிலின் கருங்கல் அதில் அப்படியே தலைகீழாகத் தெரியும். அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள், கூட்டம் இருக்காது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு: சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை, நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி இல்லாத கோயில் என்பது இப்போது பொருந்தாது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து வைத்ததிலிருந்து ஜலகண்டேஸ்வரருக்கு அன்றாடம் பூசை நடக்கிறது.

கோயிலுக்குள் நுழைந்ததும் நேராகச் சன்னிதிக்கு ஓடாதீர்கள். இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தில் குறைந்தது அரை மணி நேரம் நில்லுங்கள். தூணில் பாயும் யாளிகளைப் பார்த்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள். நடுவில் தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். அப்பாவை ஒரு மாலை சக்கர நாற்காலியில் அழைத்துப்போய் இதைக் காட்டினோம். அவர் தச்சு வேலை செய்தவர். "இதை மேலே கிடத்திச் செதுக்கியிருக்க முடியாது, கீழே செதுக்கித்தான் ஏற்றியிருப்பார்கள்" என்று அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரே தலையைக் காளையாகவும் யானையாகவும் பார்க்கும்படி வடித்த சிற்பம் ஒன்றும் கோயிலில் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துப் பாருங்கள், காளை யானையாகிவிடும்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அரசு அருங்காட்சியகத்துக்கு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கோயிலுக்கு உகந்த நாள் என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் அருங்காட்சியகம் தப்பிப்போகும். இன்னொன்று, நண்பகல். வேலூர் வட்டாரத்துக் கோயில்கள் பெரும்பாலானவை மதியம் நடை சாத்திவிட்டு மாலை 4 மணியை ஒட்டித்தான் திறக்கும். 11 மணிக்கு மேல் ஒரு கோயிலை நோக்கிக் கிளம்பாதீர்கள்.

கோட்டையிலிருந்து காட்பாடி போகும் வழியில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசரின் கல்லறை. கால் மணி நேரம் போதும்.

5. தெற்கே: ஸ்ரீபுரம் பொற்கோயில்

எல்லோரும் கேட்பது இதைத்தான். நகரிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ., அரியூர் வழியாக அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போகும் பஸ்கள் வாசலருகே நிற்கும். காலை 8 முதல் இரவு 8 வரை, நண்பகலிலும் திறந்திருப்பதால் மற்ற கோயில்கள் மூடியிருக்கும் நேரத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம். பொது வரிசையில் போகக் கட்டணமில்லை, விரைவு வரிசைக்குத்தான் டிக்கெட். வாரநாளில் அந்த டிக்கெட் தேவையே இல்லை. சனி, ஞாயிறில் பொது வரிசை நீளும்.

அரைக்கால் சட்டை, லுங்கி கட்டி வந்தால் உள்ளே விட மாட்டார்கள். வேட்டி, முழுக்கால் சட்டை, புடவை, சுடிதார் எதுவானாலும் சரி. செருப்பு, பை, கைபேசி, கேமரா எல்லாவற்றையும் வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். நட்சத்திர வடிவில் அமைத்த கூரை வேய்ந்த நடைபாதையில் சுற்றிக்கொண்டே போய்ச் சேருவதற்கு ஏறத்தாழ 1.8 கி.மீ. நடக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப்போகும் முன் இந்தத் தூரத்தைச் சொல்லிவிடுங்கள். போய்வர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது கைபேசியைத்தான். நாங்கள் அதை ஒப்படைத்துவிட்டு உள்ளே நடந்துகொண்டிருந்தபோது, மறுநாளைக்கு இருந்த ஸ்கேன் அன்று மாலையே கிடைக்கிறது, அழைத்து வரலாமா என்று கேட்டு அழைப்பு வந்திருக்கிறது. நான்கு அழைப்புகள். வெளியே வந்து பார்த்தபோது அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. கேட்டவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்படைக்கும் முன்பே அறையில் இருப்பவரின் எண்ணை மருத்துவமனையில் கொடுத்திருக்க வேண்டும், நாங்கள் கொடுக்கவில்லை. நீங்கள் முதல் நாளே இரண்டு எண்களைக் கொடுத்து வையுங்கள்.

மாலை 5 மணிக்கு உள்ளே போனால் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் தங்கத் தகடுகளைப் பார்க்கலாம். நான் இரண்டாம் முறை போனபோது அப்படித்தான் பார்த்தேன். வெயிலில் கண் கூசிய இடத்தில், இருட்டிய பிறகு ஒவ்வொரு வரிச் செதுக்கலும் தெரிந்தது.

தெற்கே இன்னும் தள்ளி, கணியம்பாடியில் திரும்பி ஏறத்தாழ 25 கி.மீ.யில் அமிர்தி இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரம், சிறிய உயிரியல் பூங்கா, அருவி. மழைக்காலத்துக்குப் பிறகு மட்டும் போங்கள், கோடையில் அருவியில் பாறைதான் இருக்கும். பஸ்கள் குறைவு. இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. மேற்கே அரை நாள்: விரிஞ்சிபுரம்

என்னைக் கேட்டால், கோட்டைக்கு அடுத்து இதைத்தான் பார்க்கச் சொல்வேன். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 14 கி.மீ. போய், அங்கிருந்து பாலாற்றுப் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். வழித்துணைநாதர் என்று தமிழில் சொல்வார்கள். மருத்துவத்துக்காக ஊர் விட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயர் மனத்தைத் தொடுகிறது.

இதன் மதிலழகு பேர்போனது. ஒரு சுற்று வெளியே நடந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பிரகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பிறை வடிவில் செதுக்கி எண்கள் பொறித்திருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் நேரம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் துடைப்பக் குச்சியை ஒடித்து வைத்துக் காட்டினார். நிழல் 9க்கும் 10க்கும் நடுவில் விழுந்தது. தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், 9.35. வெயில் இருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால் மேகமூட்டமான நாளில் போகாதீர்கள்.

சிங்க முகத்துடன் கூடிய சிம்ம தீர்த்தமும் இங்கே உண்டு. கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறன்று குழந்தை வரம் வேண்டும் பெண்கள் நீராட வருவார்கள். அந்த நாளில் தரிசனத்துக்கு மட்டும் வருபவர்கள் கூட்டத்தில் சிக்கிக்கொள்வார்கள், வேறு நாளில் வாருங்கள்.

நாங்கள் முதல்முறை போனபோது நடை சாத்தியிருந்தது. பேச்சு வாக்கில் நேரமாகி 12.20க்குப் போய்ச் சேர்ந்தோம். பிரகாரத்துக் கல் அந்த நேரத்தில் கால் வைக்க முடியாத சூடு. 8 மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள், 11 மணிக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். நெடுஞ்சாலையில் இறங்கினால் உள்ளே போக ஆட்டோ கிடைக்கும், ஏறும் முன்பே விலை பேசுங்கள். திரும்பும் வழிக்கும் அதையே காத்திருக்கச் சொல்வது நல்லது.

7. மேற்கே முழு நாள்: ஆம்பூர், ஏலகிரி

முறை எதுவும் இல்லாத நாளில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருப்பதால் ரயில்தான் வசதி. காலை ரயிலில் நேராக ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏலகிரி ஏறுங்கள். திரும்பும் வழியில் ஆம்பூரில் இறங்கலாம்.

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,110 மீட்டர் உயரம். பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தலை சுற்றாமல் இருக்க ஒவ்வொரு பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். மேலே புங்கனூர் ஏரியில் படகு, சுவாமிமலைக்கு நடைப்பாதை. நடக்க முடிந்தவர்கள் சுவாமிமலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். ஊட்டியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அமைதியான சிறிய மலை. சனி, ஞாயிறில் பெங்களூரு வண்டிகளால் நிறைந்துவிடும்.

வரைபடத்தில் ஜலகம்பாறை அருவி ஏலகிரிக்கு ஒட்டினாற்போல் தெரியும். மேலிருந்து வண்டிச்சாலை கிடையாது. மலையிறங்கித் திருப்பத்தூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் சேர்க்கச் சொல்லி ஓட்டுநர் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

ஆம்பூர் பிரியாணியை ஆம்பூரிலேயே சாப்பிடுங்கள். நெடுஞ்சாலை முழுவதும் அந்தப் பெயரில் பலகைகள் இருக்கின்றன, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊருக்குள், மதியம் தேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த மசாலா, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. நாங்கள் மாலை 5 மணிக்குப் போனோம், கிடைத்தது அடியில் ஒட்டிய மிச்சம். பிரியாணிதான் முக்கியம் என்றால் ஏலகிரியை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிட்டு, ஆம்பூருக்கு மட்டும் மதியம் போய்வாருங்கள். தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் செருப்பு, ஷூ கடைகளையும் எட்டிப்பார்க்கலாம்.

சனிக்கிழமையும் சொந்த வண்டியும் வாய்த்தால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். 93 அங்குலத் தொலைநோக்கியைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. கிளம்பும் முன் அந்த வாரம் அனுமதி உண்டா என்று உறுதி செய்யுங்கள். காட்டுச்சாலை, திரும்பும் பஸ்ஸை நம்பி மாலையில் அங்கே இருக்காதீர்கள்.

8. கிழக்கும் வடக்கும்

கிழக்கே சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரி முருகன் கோயில், அதைத் தாண்டி ஆற்காடு. ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்வருகிறவர்கள் இவற்றை அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம், தனி நாள் ஒதுக்கத் தேவையில்லை. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில், பழைய கோட்டையின் வாயிலான டெல்லி கேட் நிற்கிறது.

சோளிங்கருக்கு முழு நாள் வேண்டும். பெரிய மலையில் யோக நரசிம்மர், 1,305 படிகள். சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படிகள். 2024இல் பெரிய மலைக்கு ரோப்கார் வந்துவிட்டதால் முதியவர்களும் போகலாம். ஆனால் ஞாயிறன்று ரோப்கார் வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும், பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. முந்தைய நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். படியேறினால் காலை 6 மணிக்கே ஏறுங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். மருந்து, கண்ணாடி, மருத்துவச் சீட்டு எதையும் கைப்பையில் கொண்டுபோகாதீர்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சோளிங்கர் என்ற பெயருள்ள ரயில் நிலையம் ஊரிலிருந்து 10 கி.மீ.க்கு மேல் தள்ளி பாணாவரத்தில் இருக்கிறது. மலையடிவாரமான கொண்டபாளையம் ஊரையும் தாண்டி. பஸ்ஸே மேல்.

வடக்கே, காட்பாடி தாண்டி, திருவலம், மேல்பாடி, வள்ளிமலை மூன்றையும் ஒரே காலையில் முடிக்கலாம், ஆட்டோ அல்லது சொந்த வண்டி இருந்தால். திருவலத்தில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கும். மேல்பாடியில் பொன்னையாற்றங்கரையில் சோழர் கோயில்கள் ஆளரவமின்றி இருக்கும். வள்ளிமலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். குகைகளில் சமணச் சிற்பங்கள் உண்டு, பலர் முருகனைக் கும்பிட்டுவிட்டு இவற்றைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள். கேட்டால் வழி காட்டுவார்கள்.

9. திருவண்ணாமலையும் திருப்பதியும்

திருவண்ணாமலை ஏறத்தாழ 85 கி.மீ., பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 14 கி.மீ. கிரிவலம் வர வேண்டும் என்ற நேர்த்திக்கடன் இருந்தால் ஒழிய பௌர்ணமியன்று போகாதீர்கள். அன்றைய கூட்டத்தில் இரவே வேலூர் திரும்ப இடம் கிடைப்பது கடினம்.

திருப்பதிக்கு சித்தூர் வழியாக பஸ்கள் உண்டு. 300 ரூபாய் சிறப்பு நுழைவு டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருந்தால் மட்டும் ஒரே நாளில் திரும்புவதைப் பற்றி யோசியுங்கள். அசல் ஆதார் கட்டாயம். டிக்கெட் இல்லாமல் போனால் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது யார் கையிலும் இல்லை. அறையில் நோயாளி இருக்கும்போது அந்த முடிவு வேண்டாம்.

10. எந்த மாதம்

வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 10 மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் காலை 6 முதல் 10, மாலை 5 முதல் 8 என்று பிரித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், அருவிகளிலும் தண்ணீர் இருக்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் அன்று அந்தப் பக்கச் சாலைகளில் வண்டிகள் நகராது.

11. கிளம்பும் நாள்

ஊருக்கு வாங்கிப்போக ஆற்காடு மக்கன் பேடா. வெளியே மெல்லிய பொரித்த தோல், உள்ளே முந்திரி, பாகில் ஊறி வாயில் போட்டதும் கரையும். பாகோடு இருப்பதால் நீண்ட நாள் தாங்காது, கடைசி நாளில் வாங்குங்கள். டப்பாவை நிமிர்த்தி வைக்க ஒரு தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் டப்பா பெட்டிக்குள் சாய்ந்து பாகு வழிந்து, அப்பாவின் ஸ்கேன் உறைகள் இரண்டு ஒட்டிக்கொண்டன. பரிசோதனைத் தாள்களைத் தனிக் கோப்பில், கையிலேயே வைத்திருங்கள்.

அடுத்த பரிசோதனைக்கான தேதியை வாங்கிய பிறகே காட்பாடிக்குக் கிளம்புங்கள். எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி. அப்பா இப்போதே வள்ளிமலை என்று எழுதி வைத்திருக்கிறார்.